கைப்பிறேக் உத்தரவு

அரச அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் வந்தால், அது கிடைத்ததென்று உடனே அறிவிக்க வேண்டும். முடிவெடுக்க நாட்செல்லுமானால், நாட்செல்லும் என்பதையாவது ஓர் இடைக்காலப் பதிலில் சொல்ல வேண்டும். இது விதி. முப்பத்துநான்கு வருடம் இந்த விதியைத் தட்டச்சுச் செய்து சுற்றுக்கு விட்டு, மறந்தவர்களுக்கு ஞாபகமூட்டி எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுருக்கமானது, தெளிவானது, ஒரு சொல்லும் மிகையில்லாதது. அதை அலுவலகங்களுக்கு அனுப்பி வைத்ததுதான் பிழை.

இளைப்பாறிய பிரதம இலிகிதர் ஊரோடு வந்துவிட்டார் என்றால், ஊரில் உள்ள எல்லாச் சபைகளுக்கும் ஒரு செயலாளர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். கோயிற்சபைக்காரர் வந்தார்கள். வாசிகசாலைக்காரர் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். தண்ணீர்ச் சபைக்காரரை மட்டும் அப்படி அனுப்ப முடியவில்லை. நானும் தண்ணீர் குடிக்கிறவன்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் கிணறுகளுக்குக் குறைவில்லை. வைகாசி வரை அவற்றில் தண்ணீர் இருக்கும். அதற்குப் பிறகு கடல்தான் இருக்கும், கொஞ்சம் ஐதாக. ஆடி பிறந்தால் அதில் குளிக்கலாம், தோய்க்கலாம், குடிக்க ஏலாது. ஆகவே ஆனி தொடக்கம் ஐப்பசி மழை வரை மண்கும்பான் மணற்கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீர் லொறியில் வரும். அந்த லொறியின் சொந்தக்காரர்தான் தண்ணீர்ச் சபை. சபையின் தலைவர் வருடத்தில் ஒன்பது மாதம் கனடாவில் மகள் வீட்டிலிருந்து தலைமை தாங்குவார். மிச்ச வேலை செயலாளருக்கு.

லொறி எனக்கு மூத்தது. இங்கிலாந்தில் செய்த மூக்கு லொறி. சாரதியின் அறை இரண்டு தடவை மரத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. எஞ்சின் வேறு எதிலிருந்தோ வந்தது. முதுகில் இருக்கிற தாங்கி பிற்காலத்தது. பின்னச்சும் அதன் சோடிச் சில்லுகளும் பிறேக்கும் மட்டும் கப்பலால் இறங்கிய அன்று இருந்தபடியே இருந்தன. அவை கெட்டுப்போனால் மாற்று இல்லை. யாழ்ப்பாணம் முழுவதும் தேடினாலும் அந்த அளவில், சில்லுக்குப் பின்னால் இருக்கிற பிறேக் ட்ரம் ஒன்று கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அதை ஓட்டுகிறவர் கடற்தொழில் குடும்பத்து மனிதர். அறுபதைத் தாண்டியவர். படகு ஓட்டி அலுத்துப்போய் லொறிக்கு வந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவருக்கு என்ன, கரையோரத்தில் வாகனம் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். லொறியை நிறுத்தினால் கைப்பிறேக்கைத் தொடமாட்டார். இறங்கிப் போய், லொறியின் இரும்புச் சட்டத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இரண்டு முருகைக் கற்களை எடுத்துப் பின்சில்லுகளுக்கு அண்டை கொடுப்பார். புறப்படும்போது எடுத்துத் திரும்பத் தொங்கவிடுவார். இதற்கு எங்கேயும் விதி எழுதப்படவில்லை. ஆகவே இருபது வருடம் ஒழுங்காக நடந்தது.

ஆனி மாதம் ஒரு பரிசோதகர் வந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தலைப்பை மாற்றினால் எல்லா அலுவலகத்துக்கும் இந்தக் கதை பொருந்தும். குடிதண்ணீர் கொண்டுபோக வருடாவருடம் எழுத்தில் அனுமதி தருகிறவர்கள். பழைய பரிசோதகர் தாங்கிக்குள் தலையை விட்டுப் பார்த்து, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்து, கையெழுத்து வைத்துப் போவார். இவர் புதியவர். தாங்கியைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது, முகம் வாடிவிட்டது. ஏதாவது கண்டுபிடிக்காமல் போக மனமில்லாமல் லொறியை ஒருமுறை சுற்றி வந்தார். கற்களைக் கண்டார்.

"இது என்ன?"

"கல்லு, சேர்," என்றார் சாரதி.

"கல்லு எண்டு எனக்கும் தெரியும். ஏன் கயிறு கட்டியிருக்கு?"

"துலைஞ்சு போகாமல் இருக்க, சேர்."

"கைப்பிறேக் வேலை செய்யாதோ?"

"வேலை செய்யும். நாங்கள் வேலை வாங்கிறேல்லை."

பரிசோதகர் பேனையை எடுத்தார். கல்வைத்து நிறுத்தும் வழக்கம் உடனடியாகக் கைவிடப்பட வேண்டும். வாகனம் தரித்து நிற்கும் வேளைகளில் கைப்பிறேக் முழுமையாக இழுக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு இணங்கியமை பற்றிச் செயலாளர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அனுமதி எழுத்தில் கிடைக்கும்வரை வாகனத்தை நின்ற இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. நான்கு பந்திகள், நான்கிலும் எழுத்துப்பிழை. பிரதியில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அவர் போன பிறகு சாரதி சொன்னார்: "ஐயா, அவர் ரவுணிலை இருந்து வந்த பெடியன். நீங்கள் இந்த ஊர். இந்தச் சோளகக் காத்துக்கை பிறேக்கை இழுத்து நிப்பாட்டினால், உள்ளுக்கை உப்புப் பட்டு, கறள் பிடிச்சு, ட்ரம்மோடை ஒட்டிப்போம். பிறகு அதை ஆர் எடுக்கிறது?"

"நீர் லொறியைப் பாரும். விதியை நான் பார்க்கிறன்," என்றேன்.

இந்த வருடம் ஊரில் சொல்லப்பட்ட முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால், பரிசோதகரின் நான்கு பந்திகளுக்கும் மேலே இந்த ஒரு வசனம் நிற்கும். சாரதி தன் கையால் பிறேக்கை இழுக்க மறுத்துவிட்டார். "நீங்களே இழுங்கோ, ஐயா. நான் பாவத்துக்குப் போகமாட்டன்." நானே ஏறி, இரண்டு கையாலும் பிடித்து, கடைசிப் பல்லு வரை இழுத்தேன். கற்களை அவிழ்த்துக் கொட்டிலுக்குள் போடுவித்தேன். இணங்கிவிட்டோம், தயவுசெய்து அனுமதி தாருங்கள் என்று அன்று பின்னேரமே பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். லொறி கடற்கரை வளவில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு கிழமை போயிற்று. ஞாபகமூட்டல் எழுதினேன். இன்னொரு கிழமை. தொலைபேசியில் கேட்டேன். "உங்கடை கடிதக் கோவை சேரிட்டைப் போட்டுது," என்றது ஒரு குரல். சேர் எங்கே? "சேர் பயிற்சிக்குப் போட்டார்." என்ன பயிற்சி என்று கேட்டேன். குரல் யாரிடமோ கேட்டு வந்து சொன்னது: பொதுமக்கள் தொடர்பு. இரண்டாவது ஞாபகமூட்டலுக்குப் பிரதிகள் மூன்று இணைத்தேன். மேலதிகாரிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று. என் சேவைக்காலத்தில் இப்படி மூன்று பிரதியோடு வந்த கடிதத்தை நாங்கள் என்ன செய்வோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேருக்கும் போயிருக்கிறது, ஆகவே மற்ற இருவரில் ஒருவர் பார்ப்பார் என்று மூன்று பேரும் விட்டுவிடுவோம்.

ஒரு நாள் வேறொரு நிறுவனத்தின் தண்ணீர் வண்டி வந்தது. வரிசையில் நின்ற பெண்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பாதி வரிசைக்கு ஊற்றிவிட்டு, படம் வடிவாக வந்துவிட்டபடியால் போய்விட்டார்கள்.

தினமும் காலையில் என் படலையில் இரண்டு வெறும் தண்ணீர்க் கான்களோடு ஒருவர் வந்து நிற்பார். சாரதியின் அக்கா. கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீடு. மகள் பிள்ளை பெற்று மூன்று மாதம். தாய்ப்பால் போதாமல் பால்மா கரைக்கிற வீடு. மருமகன் சைக்கிளில் சரவணைப் பக்கம் போய் ஒரு தெரிந்த கிணற்றில் இரண்டு கான் அள்ளி வருவான். கடலுக்குப் போகிற நாளில் அதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த இரண்டு தடவையும் பிள்ளைக்கு வயிற்றால் போய், ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"செயலாளர் ஐயா, கடிதம் வந்ததோ?"

"இன்னும் இல்லை, அக்கா."

"நான் உங்களுக்கு அக்காவோ? உங்கடை பல்லுத்தானே முதல் விழுந்தது."

இன்னொரு நாள்: "நீங்கள் எழுதிற கடிதத்தை அவை வாசிக்கினமோ, இல்லாட்டில் உங்கடை கையெழுத்து வடிவெண்டு சுவரிலை கொழுவி வைச்சிருக்கினமோ?"

நாற்பதாவது நாள் அவர் கான்களோடு வரவில்லை. ஒரு பேணியில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "குடியுங்கோ," என்றார். ஒரு மிடறு குடித்தேன். இரண்டாவது போகவில்லை. "பிள்ளை இதைத்தான் ராத்திரி குடிச்சது," என்று சொல்லிவிட்டுப் பேணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

பதில் வராவிட்டால் ஆட்சேபனை இல்லை என்று கொள்ளலாம் என்றொரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் தேடிப் பார்த்தேன். இல்லை. யாரும் அப்படியொன்றை எழுதத் துணியவில்லை. எழுதியிருந்தால் அரசாங்கம் ஒரே வருடத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து முடித்திருக்கும். பத்து மணிக்குச் சாரதியைக் கூப்பிட்டு லொறியை எடுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏறினார்.

எஞ்சின் மூன்றாவது தடவையில் பிடித்தது. கைப்பிறேக்கை விட்டார், பிடி சுகமாகக் கீழே இறங்கியது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். லொறி மூக்கைத் தூக்கி, முனகி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டது. மற்றுமொருமுறை. பின்சில்லுகள் சுழலாமல் மணலில் ஒரு முழம் இழுபட்டன, எஞ்சின் நின்றுபோயிற்று. மேலே பிடியை விட்டாயிற்று, கீழே பிறேக் விடவில்லை. நான் வேலை செய்த எல்லாக் கந்தோர்களிலும் இதே அமைப்புத்தான்.

சாரதி இறங்கி வந்து சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "சொன்னனான்," என்றார். மேற்கொண்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காரைநகரில் ஒரு மெக்கானிக் இருந்தார். பழைய இங்கிலாந்து வாகனங்கள் என்றால் அவர்தான். சாமான் பெட்டியோடு பாதையில் ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்தார். பாதை என்றால் இரண்டு கரைக்கும் இடையில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற மிதவை. ஐம்பது வயது. தடித்த கண்ணாடி. என்னை 'அண்ணை' என்றார். நான் லொறியின் கைநூலைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நூல் எப்படியோ எல்லா இடப்பெயர்வுகளுக்கும் தப்பிச் சபையின் அலுமாரியில் இருந்தது. ஆங்கிலம், அழகான ஆங்கிலம். எழுதியவர் ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரியும்.

"பின் ட்ரம்மைக் கழற்றும் முறை," என்று வாசித்து மொழிபெயர்த்தேன். "முதலில் சரிப்படுத்தும் திருகை இளக்கி, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிறேக் சூவை அதிலிருந்து விலக்க வேண்டும்."

மெக்கானிக் லொறிக்குக் கீழே படுத்திருந்தார். "விலகுது இல்லை, அண்ணை. திருகு எது, தகடு எது எண்டு தெரியேல்லை. எல்லாம் ஒரே கறள். அடுத்தது என்ன சொல்லுது?"

"மென்மையாகச் சுத்தியலால் தட்டினால் ட்ரம் தானாகக் கையோடு வரும்."

"தானாகவோ?"

"தானாக."

கீழேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "உந்தப் புத்தகத்துக்குக் கலியாணம் பேசலாம், அண்ணை. அவ்வளவு நல்ல குணம்."

முன்சில்லுகளுக்குக் கல்வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே பனங்குற்றி கொடுத்து, நான்கு சில்லுகளையும் கழற்ற மத்தியானம் ஆகிவிட்டது. ட்ரம்மைப் பிடித்திருந்த திருகுகள் ஒவ்வொன்றையும் உளியால் தட்டித் தட்டி எடுத்தார். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து இடுக்கெல்லாம் ஊற்றினார். பின்னேரம் ஒன்று, அடுத்த நாள் காலை ஒன்று, மத்தியானம் ஒன்று. சுத்தியலும் மரக்கட்டையுமாகச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கோயில்மணி போல ஒரு சத்தம் வந்தது. ட்ரம் வரவில்லை.

ட்ரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் முடுக்கினால் அது பின்னால் ஊன்றி ட்ரம்மை வெளியே தள்ளும் என்று நூல் சொன்னது. இது நூலில் இருந்த ஒரே உபயோகமான வசனம். துளைகள் பெயின்ற்றால் அடைபட்டிருந்தன. குடைந்து எடுத்தோம். இப்போது கடையில் விற்கிற எந்தப் போல்ட்டும் அதில் ஏறவில்லை; மரை பழைய இங்கிலாந்து அளவு. மெக்கானிக் தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய பால்மாப் பேணியை எடுத்துக் கவிழ்த்து, அரை மணித்தியாலம் கிண்டி, நான்கு போல்ட் தேடி எடுத்தார். இடது பக்கம் இரண்டையும் கால் சுற்றுக் கால் சுற்றாக மாறி மாறி முடுக்கினார். 'கிர்' என்று ஒரு சத்தம். ட்ரம் ஒரு நூல் அளவு வந்தது; பிறகு இன்னும் ஒன்று; பிறகு கையோடு வந்தது. உள்ளேயிருந்து ஒரு பிடி கறளும் உப்பும் கொட்டுண்டது.

வலது பக்கம் அப்படி வரவில்லை. முடுக்க முடுக்க போல்ட்தான் சூடாயிற்று. துளையின் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு துண்டு தெறித்தது. மெக்கானிக் போல்ட் முடுக்கும் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

"இனி முடுக்கினால் வெடிக்கும். வெடிச்சால் வேறை ட்ரம் இல்லை. லொறியும் இல்லை."

"காஸ் விளக்கால் சூடாக்கினால் என்ன?" என்றேன்.

"ஒரு பக்கம் சூடும் மற்றப் பக்கம் பச்சையுமாய் இருந்தால் வார்ப்பிரும்பு கீறும். ரப்பரும் உருகும். சுத்திவரச் சூடு ஒரே அளவாய்ப் போகவேணும். கொதிதண்ணி வேணும், அண்ணை. ஊத்த ஊத்த ட்ரம் விரியும், உள்ளுக்கை உப்பும் கரையும். ஒரு கிடாரம் நிறைய."

சாரதி கடலைக் காட்டினார். "தண்ணிக்கோ பஞ்சம்?"

"உப்புக் கரைக்க உப்புத் தண்ணியோ? காய்ஞ்ச பிறகு இன்னும் இறுகும். உங்கடை கிணத்துத் தண்ணியும் சரிவராது, நாக்கிலை வைச்சுப் பாத்தனான். நல்ல தண்ணி வேணும்."

நல்ல தண்ணீர் கொண்டுவர லொறி வேண்டும். லொறி அசைய நல்ல தண்ணீர் வேண்டும். முப்பத்துநான்கு வருடச் சேவையில் இவ்வளவு பூரணமான ஒரு முட்டுக்கட்டையை எந்தத் திணைக்களமும் எனக்குக் காட்டியதில்லை. அதை ஒரே ஒரு கையெழுத்தாலும் ஒரு கைப்பிறேக்காலும் நானே உண்டாக்கியிருந்தேன்.

அன்று ஊரில் நல்ல தண்ணீர் இருந்த வீடு ஒன்றுதான். மருமகன் விடிய நான்கு மணிக்கே சரவணைக்குப் போய் இரண்டு தடவையாக நான்கு கான் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடலுக்குப் போயிருந்தான். மூன்று நாளைக்குப் பிள்ளைக்கு அதுதான். சாரதி போய்க் கேட்கமாட்டேன் என்றுவிட்டார். "என்ரை அக்காதான். ஆனால் பிறேக்கை இழுத்தது நானில்லையே." நான் போனேன்.

அவர் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தியை வைக்கவில்லை.

"பிள்ளை குடிக்கிற தண்ணியை உங்கடை சில்லுக்கு வாக்கவோ?"

"சில்லு விட்டால் நாளைக்கே ஊருக்கெல்லாம் தண்ணி வரும், அக்கா."

"வரும். பிறகு நாளைக்கு உங்களுக்கு நினைவு வரும், கடிதம் வரேல்லை எண்டு. லொறியைத் திரும்பப் பூட்டி வைச்சிட்டு இன்னொரு கடிதம் எழுதுவியள். எனக்கு உங்களைத் தெரியாதோ?"

"எழுதமாட்டன்."

"வாயாலை சொல்லிறதை ஆர் நம்பிறது? உங்களுக்கு மட்டும் எல்லாம் எழுத்திலை வேணும். எனக்கும் எழுத்திலை தாங்கோ. கடிதம் வந்தாலும் வராட்டிலும் நாளைக்கு லொறி போகும், மழை வருமட்டும் நிக்காது எண்டு. கையெழுத்தும் வேணும், றபர் முத்திரையும் வேணும்."

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பகிடி இல்லை.

வீட்டுக்குப் போய் சபையின் கடிதத்தாளில் எழுதினேன். இருபது நிமிடம் எடுத்தது. தாமதத்துக்குக் காரணம் மொழியல்ல. இப்படியொரு கடிதத்தை நான் முன்னர் எழுதியதில்லை. அலுவலகத்தின் உத்தரவு இன்ன திகதியது, அது மீறப்படுகிறது, மீறும்படி பணித்தவர் செயலாளர், சாரதிக்கோ சபைக்கோ இதில் பொறுப்பில்லை. இப்படி எழுதியவன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சபையின் அனுமதி அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் போகும். என் பெயரில் ஒரு விசாரணை வரும். இளைப்பாறியவனின் ஓய்வூதியக் கோவையை அலுமாரியிலிருந்து எடுக்க எந்த அலுவலகமும் நாற்பது நாள் எடுக்காது. அதைப் பின்னேரமே எடுப்பார்கள். கையெழுத்து வைத்தேன். முத்திரை குத்தினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். "திகதி எங்கை?"

திகதி போட மறந்திருந்தேன். அவர் கண்முன்னால் போட்டேன். கடிதத்தை மடித்து மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு மகளிடம் சொல்லி மூன்று கான்களை வெளியே எடுப்பித்தார். நான்காவதைத் தன் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். "இது பிள்ளையின்ரை. கேட்டிராதையுங்கோ."

வளவிலேயே மூன்று கல்வைத்து, தென்னம்மட்டையும் பன்னாடையும் எரித்துக் கிடாரத்தில் கொதிக்க வைத்தோம். மெக்கானிக் வலது ட்ரம்மைச் சாக்கால் சுற்றிக் கட்டினார், சூடு நிற்பதற்கு. கேத்திலால் மேலிருந்து சுற்றிவர, மெல்ல மெல்ல, ஒரே அளவாக ஊற்றினார். முதலில் கீழே கறுப்பாக ஓடியது, பிறகு மண்ணிறமாக. சாரதியின் அக்காவும் வந்து நின்றார். ஒவ்வொரு கேத்திலுக்கும் எண்ணிக்கொண்டு நின்றார். மூன்றாவது கான் பாதியாகும்போது மெக்கானிக் சாக்கை அவிழ்த்து, போல்ட்டுகளைக் கால் சுற்று முடுக்கினார். ஒன்றுமில்லை. இன்னொரு கேத்தில். அரைச் சுற்று. கட்டையை வைத்து ஒரு தட்டு.

'டக்'.

பெரிய சத்தமில்லை. பெட்டிப் பூட்டுத் திறக்கிற அளவுதான். ட்ரம் ஒரு விரல் அளவு வெளியே வந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்து இழுத்து எடுத்தார். உள்ளே பிறேக் சூவின் லைனிங் கழன்று ட்ரம்மோடேயே ஒட்டி வந்திருந்தது. இடையில் அரிசிக்கஞ்சிப் பொருக்குப் போல வெள்ளை உப்பு.

"அண்ணை, இதைப் படம் எடுத்து அந்தச் சேருக்கு அனுப்புங்கோ," என்றார் மெக்கானிக்.

"அனுப்பினால் அதையும் கோவையிலை போடுவினம்," என்றார் சாரதி.

அவருடைய அக்கா மிச்சம் இருந்த அரைக் கானை மூடி, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் லைனிங்கைச் செப்பு ஆணியால் திரும்ப அறைந்து, திருகுகளுக்குக் கொழுப்புப் பூசி, எல்லாவற்றையும் பூட்ட மத்தியானம் தாண்டிவிட்டது. மெக்கானிக் கைப்பிறேக் கம்பியைப் பின்பக்கத்தில் கழற்றிச் சுருட்டி என் கையில் தந்தார். "இதை நீங்கள் வைச்சிருங்கோ. உங்கடை கைக்கு எட்டாத இடத்திலை." மூன்று மணிக்கு லொறி மண்கும்பானுக்குப் புறப்பட்டது. பொறுப்பதிகாரி என்ற முறையில் நானும் முன்னுக்கு ஏறிப் போனேன். கிணற்றடியில் நிறுத்தியதும் சாரதி இறங்கிப் போய், கொட்டிலிலிருந்து எடுத்துவந்திருந்த கற்களைச் சில்லுக்கு வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மறுபக்கம் பார்த்தேன்.

மாலை மங்குமுன் முதல் தாங்கி ஊருக்கு வந்தது. கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டில் தொடங்கச் சொன்னேன். இருபது வருடமாகச் சந்தியிலிருந்துதான் தொடங்குவது. சந்திக்காரர் முறைப்பாடு செய்தார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன்.

ஆவணி போயிற்று, புரட்டாதி போயிற்று. கிழமைக்கு நான்கு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டமும் விதிமீறல். பரிசோதகர் வருவார் என்று ஒவ்வொரு காலையும் எதிர்பார்த்தேன். என்ன சொல்வதென்று மனதுக்குள் பந்தி பந்தியாக எழுதியும் வைத்திருந்தேன். அவர் வரவில்லை. வாகனத்தை அசைக்கக் கூடாதென்று உத்தரவு போட்ட அலுவலகத்துக்கு, வாகனம் அசைகிறதா என்று பார்க்க ஒரு வாகனம் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளை தவழத் தொடங்கியிருந்தது. ஐப்பசி பிறந்த கையோடு மழை பிடித்தது, கிணறுகள் ஊறின, லொறியைத் தார்ப்பாயால் மூடிவிட்டோம்.

பதில் அதற்குப் பிறகு வந்தது. பதிவுத் தபாலில் வரவில்லை, சாதாரணத் தபாலில். ஒட்டிய முத்திரை போதாமல் இருந்ததால் தபாற்காரர் மிச்சத்தை என்னிடம் கேட்டார். ஒரு பக்கம்; கையெழுத்து யாருடையதென்று தெரியவில்லை. தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வறட்சி நிலையைக் கருத்திற்கொண்டு, மேற்படி வாகனத்தில் குடிதண்ணீர் கொண்டுசெல்ல இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது. இவ்வனுமதி செப்ரெம்பர் மாத இறுதிவரை செல்லுபடியாகும்.

கடிதம் என் கைக்குக் கிடைத்தது நவம்பர் மாதம் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு.